163 நாள் பள்ளிக்கூடம்: லாஸ் ஏஞ்சலஸ் பெல்மாண்டின் கதை

ஒரு வருஷத்தை ஆறு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மாதம். பிறகு பள்ளிப் பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். முதல் கூட்டம் 1, 2, 4, 5ஆம் துண்டுகளில் பள்ளிக்கு வரும். இரண்டாம் கூட்டத்துக்கு 2, 3, 5, 6. மூன்றாம் கூட்டத்துக்கு 1, 3, 4, 6. ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். எந்தத் துண்டை எடுத்தாலும் இரண்டு கூட்டம் பள்ளியில் இருக்கும், ஒன்று வீட்டில் இருக்கும். 3,000 பேர் உட்காரக் கூடிய கட்டடத்தில் 4,500 பேரைச் சேர்த்துவிடலாம். ஒரு செங்கல் கூட வாங்க வேண்டாம்.

இந்த ஏற்பாட்டுக்கு 'கான்செப்ட் 6' என்று பெயர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 1980களிலிருந்து 2012 வரை, நெரிசல் மிகுந்த பல பள்ளிகள் இப்படித்தான் ஓடின. எனக்குச் சோறு போடுவது நிரல் எழுதும் வேலை. ஒரே ப்ராசஸரைப் பல வேலைகளுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கும் ஷெட்யூலர்களோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டியவன். அதனால் இந்த நாட்காட்டியை முதன்முதலில் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், 'அடடா, அழகா இருக்கே!' என்றுதான் தோன்றியது. அந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

விலை எண்ணிலேயே இருக்கிறது. கலிபோர்னியாவில் வழக்கமான பள்ளி ஆண்டு 180 நாள். கான்செப்ட் 6 பள்ளிகளில் 163 நாள். குறையும் 17 நாளுக்கு ஈடாகத் தினமும் சில நிமிஷங்களைக் கூட்டினார்கள். சட்டம் கேட்ட மொத்த நிமிஷம் அப்படியே வந்துவிடும், கணக்கு டேலி. ஆனால் ஏற்கனவே களைத்துப் போன ஒரு பிள்ளைக்கு மதியத்தில் சேரும் கூடுதல் நிமிஷங்களும், காலையில் புதிதாகத் தொடங்கும் ஒரு முழு நாளும் ஒன்றா? வீட்டுப்பாடம் செய்யும் 17 இரவுகளும் கூடவே போய்விட்டன. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒருவர் இப்படியே படித்தால் 204 நாள் குறையும். ஒரு முழுப் பள்ளி ஆண்டைவிட அதிகம்.

சில்லறைத் தொல்லைகள் தனி. மேலே போட்ட கட்டத்தில் மூன்றாம் கூட்டத்தைப் பாருங்கள். முதல் துண்டில் பாடம், அப்புறம் இரண்டு மாதம் வீடு, மறுபடி பாடம். பருவத்தின் நடுவிலேயே விடுமுறை. இயற்கணிதத்தைப் பாதியில் விட்டுப் போன பிள்ளை திரும்பி வரும்போது எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கும்? இன்னொரு கூட்டத்துக்கு மே மாதம் விடுமுறை. கல்லூரிக்கு உதவும் ஏ.பி. தேர்வுகள் நடப்பதோ அதே மே மாதத்தில். அறைகள் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் ஆசிரியர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டினார்கள். சிலர் தள்ளுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தார்கள். உயர்நிலை வகுப்புகள் ஒரு தடத்தில், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இன்னொரு தடத்தில் என்று ஒரே பள்ளிக்குள் மூன்று பள்ளிகள் உருவாயின. கட்டடமோ வருஷம் பூராவும் திறந்தே கிடந்தது. பெயிண்ட் அடிக்கவும், கழிவறைக் குழாய் மாற்றவும், கூரையைச் சரிபார்க்கவும் கோடை விடுமுறை என்ற ஒன்றே கிடையாது. சர்வரை ஒருநாளும் நிறுத்தாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள்? வேடிக்கை என்னவென்றால், பள்ளிக் கட்டடத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர் இது.

1933 மார்ச் 10, மாலை ஆறு மணி ஆகச் சில நிமிஷம். லாங் பீச் நிலநடுக்கம். சுற்றுவட்டாரத்தில் ஏராளமான பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன. சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பே ஊரை உலுக்கியது. ஒரே மாதத்தில் 'ஃபீல்ட் சட்டம்' வந்தது. அரசுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை மாநில அரசு பார்த்து ஒப்புதல் தர வேண்டும், கட்டும்போதும் கண்காணிக்க வேண்டும் என்று சொன்ன சட்டம். பிள்ளைகள் கொஞ்ச காலம் கூடாரத்தில் படித்தார்கள். பிறகு 1935இல் பெல் என்ற பகுதியில், கொரோனா அவென்யூ பள்ளிக்கு ரிச்சர்ட் நாய்ட்ரா ஒரு பகுதி கட்டினார். ஒற்றை மாடி. வகுப்பறையின் ஒரு பக்கச் சுவரே நகரும் கண்ணாடிக் கதவு, அதைத் தள்ளினால் வெளியே புல்தரை. இரண்டு பக்கமும் வெளிச்சம், குறுக்குக் காற்று. பாடம் உள்ளேயும் நடக்கும், மரத்தடியிலும் நடக்கும். இன்றைக்குப் 'பசுமை வடிவமைப்பு' என்று வண்ணப் படம் போட்டு விற்கப்படும் சரக்கில் பாதி அந்தப் பள்ளியில் இருந்தது. ஏர்கண்டிஷன் இல்லாத காலம், அதனால் அதற்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை.

அப்புறம் வந்தது பணப் பிரச்சினை. 1978இல் கலிபோர்னிய வாக்காளர்கள் 'ப்ரொபொசிஷன் 13'ஐ நிறைவேற்றினார்கள். சொத்து வரி, மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பள்ளி மாவட்டங்கள் கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, அதைச் சொத்து வரியில்தான் அடைத்து வந்தன. அந்த வழி 1986 வரை முழுதாக மூடப்பட்டது. திறந்த பிறகும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். வாக்குச் சாவடிக்குப் போவோரில் பெரும்பாலோருக்குப் பள்ளியில் பிள்ளை இல்லை. பிள்ளை இருப்போரில் பலருக்கு வாக்குரிமை இல்லை. மெக்ஸிகோவிலிருந்தும், உள்நாட்டுப் போர் நடந்த எல் சால்வடோர், குவாத்தமாலாவிலிருந்தும் குடும்பங்கள் வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 1970களின் தொடக்கத்துக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் முழு அளவிலான புது உயர்நிலைப் பள்ளி ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

பிள்ளைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். முதலில் லாரியில் ஏற்றி வந்து இறக்கி வைக்கும் தகர அறைகள் வந்தன. அவற்றை எங்கே வைப்பது? விளையாட்டுத் திடலில். திடல் தீர்ந்ததும் பேருந்து வந்தது. உள்ளூர்ப் பள்ளியில் இடமில்லாத பிள்ளைகளை ஒரு மணி நேரப் பயணத்தில் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். அதுவும் போதாமல்தான் நாட்காட்டியில் கை வைத்தார்கள். இடத்தில் அடங்காத நெரிசலைக் காலத்துக்குள் திணித்தார்கள். நாட்காட்டியில் திணித்த நெரிசலுக்கு ஒரு 'நல்ல' குணம் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. கூடாரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் மறுநாள் பத்திரிகையில் படம் வந்திருக்கும். வீட்டில் சும்மா இருக்கும் மூன்றில் ஒரு பங்கை யார் படம் எடுப்பது? தற்காலிகம் என்று கொண்டுவந்த ஏற்பாடு முப்பது வருஷம் நின்றதற்கு எனக்குத் தெரிந்த முக்கியமான காரணம் இதுதான்.

இனி பெல்மாண்ட்.

நகர மையத்துக்கு மேற்கே ஒரு மேட்டின் மேல் 1923இல் திறந்த உயர்நிலைப் பள்ளி. 1990களில் 5,000 பேருக்கு மேல் படித்தார்கள். மூன்று தட நாட்காட்டி போட்ட பிறகும் இடம் பற்றாமல் அந்தப் பகுதிப் பிள்ளைகள் பேருந்தில் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். எனவே பக்கத்திலேயே, டெம்பிள் தெருவும் பொட்ரி அவென்யூவும் சேரும் இடத்தில், சுமார் 35 ஏக்கரில் 'பெல்மாண்ட் லேர்னிங் சென்டர்' என்ற பெரிய வளாகம் கட்டத் திட்டமிட்டார்கள். பள்ளியோடு கடைகளும் குடியிருப்பும் சேர்ந்த யோசனை. 1997இல் வேலை தொடங்கியது. நெரிசலான நகரத்தின் நடுவில் 35 ஏக்கர் காலியாக எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி உங்களுக்கு எழுந்தால் நீங்கள் புத்திசாலி.

1892இல் எட்வர்ட் டொஹினி என்ற சுரங்கக்காரர், யூகலிப்டஸ் மரத்தண்டின் முனையைக் கூராக்கி அதையே துளையிடும் கருவியாக வைத்துக்கொண்டு, இந்த மேட்டுப் பகுதிக்குக் கொஞ்ச தூரத்தில் எண்ணெய் எடுத்தார். அடுத்த சில வருஷங்களில் வீட்டுக் கொல்லைகளில்கூட எண்ணெய்க் கோபுரங்கள் முளைத்தன. நூற்றுக்கணக்கில். லாஸ் ஏஞ்சலஸ் நகர எண்ணெய் வயல் என்று அதற்குப் பெயர். வயல் வற்றியது, கோபுரங்கள் போயின. பல கிணறுகளை ஏதோ கையில் கிடைத்ததைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். எண்ணெய் தீர்ந்தாலும் வாயு தீர்வதில்லை. மீத்தேன் காற்றோடு 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் ஒரு பொறி போதும். 1985இல் இதே நகரத்தின் ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடைக்குள் தரைக்கடியிலிருந்து மீத்தேன் சேர்ந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் எண்ணெய் வயலின் மேல் 5,000 பிள்ளைகளுக்கான கட்டடம் எழும்பத் தொடங்கியது. மீத்தேனோடு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அங்கே இருந்தது.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. எண்ணெய் வயலின் வரைபடம் பொதுவில் இருந்தது. ஆனால் நிலத்தை முழுதாகச் சோதிப்பதற்கு முன்பே ஒப்பந்தமும் கான்கிரீட்டும் ஓடின. மென்பொருளில் இதைத் தினம் பார்க்கிறோம், தேவை என்ன என்று எழுதி முடிப்பதற்குள் பாதிப் ப்ரொடக்ட் தயாராகிவிடும். வித்தியாசம், எங்கள் தவறை அழித்து எழுத ஒரு கட்டளை போதும். 1999இல் பிரச்சினை வெடித்தது (நல்லவேளை, செய்தித்தாளில் மட்டும்). 2000 ஜனவரியில் பள்ளி வாரியம் திட்டத்தையே கைவிடுவது என்று வாக்களித்தது. அமெரிக்காவின் மிக விலையுயர்ந்த உயர்நிலைப் பள்ளி என்று பெயர் எடுத்த கட்டடம், பாதி எழும்பிய நிலையில் நகர மையத்தின் ஓரத்தில் நின்றது. மேட்டின் மேலிருந்த பழைய பெல்மாண்டில் மூன்று தடமும் வழக்கம்போல ஓடின.

அந்த வருஷமே கொலராடோவின் முன்னாள் ஆளுநர் ராய் ரோமர் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளராக வந்தார். வாயுவைத் தடுக்கலாம், தொழில்நுட்பம் இருக்கிறது என்று வாதாடினார். அது உண்மைதான். கட்டடத்துக்கு அடியில் வாயு புகாத படலம் விரித்து, அதற்குக் கீழே ஜல்லியும் துளையிட்ட குழாய்களும் வைத்து, சேரும் வாயுவை வெளியே விட்டு, அறைகளில் உணரிகள் பொருத்துவார்கள். லாஸ் ஏஞ்சலஸில் மீத்தேன் பகுதியில் கட்டும் பல கட்டடங்களுக்கு இதுதான் வழக்கம். 2002இல் வாரியம் மறுபடி பச்சைக் கொடி காட்டியது. அந்த வருஷ டிசம்பரில் கட்டடங்களுக்கு அடியில் நிலநடுக்கப் பிளவு ஒன்று இருப்பது தெரியவந்தது!

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஒரு காபி போட்டுக்கொண்டேன். கதையாக எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

1933இன் நினைவு இந்த விஷயத்தில் வேலை செய்தது. செயலில் உள்ள பிளவின் மேல் பள்ளிக் கட்டடம் வைக்க கலிபோர்னியச் சட்டம் விடாது. பிளவுக்கு நேர் மேலே இருந்த இரண்டு கட்டடங்களை இடித்தார்கள். மீதியைத் திருத்தி, வளாகத்தைச் சுருக்கி, சுமார் 10 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்கினார்கள். 2008இல் பள்ளி திறந்தது. மொத்தச் செலவு 40 கோடி டாலரை ஒட்டி வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத்துக்குத் தேர்வான, பின்பு முப்பது வருஷம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மெக்ஸிக வம்சாவளித் தலைவர் எட்வர்ட் ராய்பாலின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

இதற்கிடையே வேறு இரண்டு விஷயங்கள் நடந்தன. 2000 மே மாதம், பிள்ளைகள் சார்பில் 'வில்லியம்ஸ் எதிர் கலிபோர்னியா' என்ற வழக்கு தொடரப்பட்டது. புத்தகம் இல்லை, தகுதியான ஆசிரியர் இல்லை, கழிவறை இல்லை என்ற பட்டியலில் கான்செப்ட் 6உம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அந்த 17 நாள் கடைசியில் ஒரு நீதிமன்றத் தாளில் ஏறியது. 2004இல் சமரசம். 2012 ஜூலைக்குள் இந்த நாட்காட்டி ஒழிய வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. இன்னொன்று, 2000 நவம்பரில் 'ப்ரொபொசிஷன் 39' பள்ளிக் கடன் பத்திரத்துக்கு வேண்டிய வாக்கை 55 சதவீதமாகக் குறைத்தது. பூட்டு திறந்தது. 1997இல் 240 கோடி டாலர் என்று தொடங்கிய கடன் பத்திரங்கள் 2002, 2004, 2005, 2008 என்று தொடர்ந்தன. மொத்தம் 1,950 கோடி டாலரை ஒட்டிய திட்டம், 131 புதுப் பள்ளிகள். பெரிய நெடுஞ்சாலைத் திட்டங்களோடு ஒப்பிட்டுப் பேசும் அளவு.

'நீடித்த வடிவமைப்பு' என்ற சொல் இந்தக் கதைக்குள் நுழைவது இந்தக் கட்டத்தில்தான். கலிபோர்னியாவில் 2000ஐ ஒட்டி சி.ஹெச்.பி.எஸ். என்ற கூட்டமைப்பு பள்ளிகளுக்கென்றே தனி அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. வகுப்பறைக்கு இயற்கை வெளிச்சம், இரைச்சல் குறைவு, நச்சு ஆவி விடாத பெயிண்டும் பசையும், வெயிலைத் திருப்பியடிக்கும் கூரை, மின்சாரச் சிக்கனம், தண்ணீர்ச் சிக்கனம். அந்த அளவுகோலை முதலில் ஏற்ற மாவட்டங்களில் லாஸ் ஏஞ்சலஸும் ஒன்று. புதுப் பள்ளிகள் அதன்படி கட்டப்பட்டன.

வெளிச்சத்துக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டியது 1999இல் வந்த ஹெஷாங் மஹோன் குழுவின் ஆய்வு. கலிபோர்னியாவின் கேபிஸ்ட்ரானோ மாவட்டத்தில், அதிக வெளிச்சமுள்ள வகுப்பறைப் பிள்ளைகள் ஒரு வருஷத்தில் கணக்கில் 20 சதவீதமும் வாசிப்பில் 26 சதவீதமும் வேகமாக முன்னேறினார்கள் என்றது அது. இந்த எண்களை இன்றும் கட்டடக் கம்பெனிகளின் விளம்பரத் தாளில் பார்க்கலாம். அதே குழு 2003இல் ஃப்ரெஸ்னோவில் மறுபடி ஆராய்ந்தபோது வெளிச்சத்துக்கு அப்படித் தெளிவான பலன் கிடைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நல்ல காட்சி இருப்பது உதவியது. கண் கூசும் வெயிலும் எதிரொலிக்கும் அறையும் கெடுத்தன. இந்த இரண்டாம் தாள் விளம்பரத்தில் வருவதில்லை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நாய்ட்ரா 1935இல் செய்ததை அது கிட்டத்தட்ட நியாயப்படுத்துகிறது. அவர் கண்ணாடியை வெறுமனே பெரிதாக்கவில்லை, அதற்கு வெளியே புல்தரையையும் வைத்தார்.

ஆனால் இந்த அளவுகோல்களில் மதிப்பெண் வாங்குவது கட்டடம்தான். லாஸ் ஏஞ்சலஸில் கேள்வி அதற்கு முந்தியது. 131 பள்ளிக்கு நிலம் எங்கே? பெல்மாண்ட் அனுபவத்தில் சூடுபட்ட மாநிலம், அரசு நிதி பெறும் ஒவ்வொரு புதுப் பள்ளி நிலத்தையும் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறை சோதிக்க வேண்டும் என்று 2000 முதல் விதித்துவிட்டது. என் கணக்கில் பெல்மாண்ட் தந்த ஒரே பெரிய லாபம் இந்தச் சட்டம். சுத்தமான காலி நிலம் நகரத்தில் கிடையாது. இருப்பது பழைய தொழிற்சாலைகளும் ஜனங்கள் குடியிருக்கும் வீடுகளும். தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பழைய பால் பண்ணைத் தொழிற்சாலை இடத்தில் 2005இல் சான்டீ பள்ளி வந்தது. எக்கோ பார்க்கில் ஒரு தொடக்கப்பள்ளிக்காக ஐம்பதை ஒட்டிய வீடுகளை அரசு அதிகாரத்தில் எடுத்து இடித்தார்கள். நெரிசலில் தவித்த பிள்ளைகளின் வீடுகளும் இந்த மாதிரித் தெருக்களில்தான் இருந்தன என்பதை எந்தப் பசுமைச் சான்றிதழும் கழித்துக்கொள்ளாது.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் அம்பாசிடர் ஹோட்டல். 1921இல் திறந்து 1989இல் மூடப்பட்டது. 1968 ஜூன் 5 நள்ளிரவு தாண்டி, ராபர்ட் கென்னடி சுடப்பட்டது அதன் சமையலறைப் பகுதியில். அந்த 24 ஏக்கரில் 125 மாடிக் கோபுரம் கட்ட டொனால்ட் டிரம்ப் கூட்டணி ஒன்று ஆசைப்பட்டது. பள்ளி மாவட்டம் விடவில்லை, பல வருஷ வழக்குக்குப் பிறகு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. ஹோட்டலை வைத்துக்கொண்டே பள்ளியாக மாற்றுங்கள் என்று பாரம்பரியப் பாதுகாப்பாளர்கள் கேட்டார்கள். பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 2010இல் ராபர்ட் எஃப். கென்னடி சமுதாயப் பள்ளிகள் திறந்தன. 4,200 பிள்ளைகள், 57.8 கோடி டாலர். இப்போது யாராவது அதே முடிவை எடுத்தால், நிற்கும் கட்டடத்தின் கான்கிரீட்டில் ஏற்கனவே செலவான கரியமிலத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்லுவோம். அப்போது அந்தக் கணக்கு நடைமுறையில் இல்லை. இருந்திருந்தாலும் இடித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் தினமும் பேருந்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் ஹோட்டலின் அழகைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

சரி, இவ்வளவு செலவுக்கும் பலன்? கான்செப்ட் 6 ஒழிந்தது. பேருந்துப் பயணம் பெரும்பாலும் நின்றது. பிள்ளைகள் 180 நாள் படித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, இதைச் சாதித்த நகரம் என்ற பெயர் அவர்களுக்குக் கிடைக்கத்தான் வேண்டும்.

கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. மாவட்டத்தின் மாணவர் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது 2000களின் தொடக்கத்தில், சுமார் 7,47,000. அதாவது முதல் புது உயர்நிலைப் பள்ளிகள் திறக்கும்போதே வளைவு கீழே திரும்பிவிட்டது. பிறப்பு விகிதம் குறைந்தது, வீட்டு வாடகை குடும்பங்களைத் துரத்தியது, குடியேற்றம் குறைந்தது, பலர் சார்ட்டர் பள்ளிகளுக்குப் போனார்கள். தனி நிர்வாக சார்ட்டர் பள்ளிகளை விட்டுவிட்டால் இன்று எண்ணிக்கை 4 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. ஒரு காலத்தில் 5,000 பேர் முட்டி மோதிய பழைய பெல்மாண்டில் இப்போது அதில் ஒரு சிறு பங்கே படிக்கிறார்கள்.

அப்போ கட்டியதே வீணா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. 1985இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு 2025இன் எண்ணிக்கையால் என்ன பிரயோஜனம்? அவர்களுக்கு அன்றைக்கு நாற்காலி வேண்டியிருந்தது. கட்டியது தப்பில்லை, இருபது வருஷம் தாமதமாகக் கட்டியதுதான் தப்பு. அந்த இருபது வருஷத்தை ஓட்ட உதவியது நான் முதலில் அழகு என்று சொன்ன அந்த நாட்காட்டி. அது இல்லாவிட்டால் பெற்றோர் தெருவில் இறங்கியிருப்பார்கள், பூட்டு முன்பே திறந்திருக்கலாம், 1990களின் அவசரத்தில் எண்ணெய் வயலை வாங்க வேண்டி வந்திருக்காது. இது என் ஊகம், நிரூபிக்க முடியாது. ஆனால் நெரிசலை மறைக்கும் எந்தச் சாமர்த்தியமான ஷெட்யூலரைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் நான் இரண்டாம் தடவை யோசிக்கிறேன்.

இனி நடக்க வேண்டிய வேலை புதுக் கட்டடம் இல்லை. தகர அறைகளை எடுத்துவிட்ட இடத்தில் மிஞ்சியது தார்த்தளம். மரமில்லாத திடல்களில் வெயில் காலத்தில் பிள்ளைகள் கால் வைக்க முடிவதில்லை. 2035க்குள் ஒவ்வொரு வளாகத்திலும் குறைந்தது 30 சதவீதம் பசுமைப் பரப்பு என்று 2022இல் வாரியம் தீர்மானம் போட்டிருக்கிறது. தாரைப் பெயர்த்து மண்ணைக் கண்ணில் காட்டுவது, மரம் நடுவது, மழைநீரை நிலத்துக்குள் விடுவது. இதற்கு முன்மாதிரி ஏற்கனவே ராய்பால் பள்ளியை ஒட்டியே இருக்கிறது. 2008இல் திறந்த விஸ்டா எர்மோசா பூங்காவில் அந்த மண்ணுக்கே உரிய ஓக் மரங்களும் புதர்களும் நட்டிருக்கிறார்கள், நீர் உறிஞ்சும் தளம் போட்டிருக்கிறார்கள், மழைநீரை நிலத்தடித் தொட்டியில் பிடித்துச் செடிகளுக்கு விடுகிறார்கள். நடுவில் ஒரு கால்பந்துத் திடல். அங்கிருந்து பார்த்தால் நகர மையத்தின் உயர்ந்த கட்டடங்கள் எல்லாம் தெரியும். பள்ளி கட்டுவதற்கென்று வாங்கிய 35 ஏக்கரில் ஒரு பகுதிதான் அது.